பழைய இங்கிலீஷ் மாளிகைல பொம்மை சிப்பாய் தேடறது எப்படி: மேல் மாடிலேர்ந்து ஆரம்பிங்க

இங்கிலாந்துல பழைய பெரிய வீடுகள சுத்திப் பாக்கப் போறவங்கள்ல முக்காவாசிப் பேரு கீழ் மாடில டைனிங் ரூம், லைப்ரரி, ஆளுயர ஓவியம்னு ரெண்டு மணி நேரம் நடந்துட்டு, கால் வலிச்சதும் டீக்கடைல ஸ்கோன் சாப்ட்டுட்டு கெளம்பிடுவாங்க. நானும் நாலஞ்சு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒரு தடவ என் பொண்ணு, அப்ப அவளுக்கு ஒம்பது வயசு, "அப்பா இந்த வீட்ல குழந்தைங்களே இல்லையா, எல்லாம் பெரியவங்க சாமானாவே இருக்கு"ன்னு கேட்டா. அங்க நின்னுட்டிருந்த வாலன்டியர் அம்மா கிட்ட அத அப்படியே கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, பின்னாடி இருந்த ஒரு குறுகலான மரப்படிய காட்டுனாங்க. ரெண்டு மாடி ஏறினா ஒரு கண்ணாடி அலமாரி, அதுக்குள்ள நூத்துக்கும் மேல சிப்பாய்ங்க. அன்னிக்கு புடிச்ச கிறுக்கு இன்னும் போகல. அதுல கத்துக்கிட்டத தான் இங்க எழுதறேன், யாராவது லீவுக்கு இங்க வந்தா உபயோகப்படும்.

போறதுக்கு முன்னாடி வீட்லயே உக்காந்து பண்ண வேண்டிய வேல ஒண்ணு இருக்கு. நேஷனல் டிரஸ்ட்னு ஒரு அமைப்பு, 1895-ல ஆரம்பிச்சது, இந்த மாதிரி வீடுங்கள்ல நெறைய அவங்க கையில தான். அவங்க கிட்ட இருக்கற பொருள்கள ஆன்லைன் கேட்லாக்ல போட்டிருக்காங்க, கிட்டத்தட்ட பத்து லட்சம் பொருள், 200க்கும் மேல வீடுகள்லேர்ந்து. அங்க போயி டாய் சோல்ஜர்னு மட்டும் தேடாதீங்க, லெட் (ஈயம்) ஃபிகர், டின் ஃபிகர், பிரிட்டன்ஸ், ஹெய்டெ, மினியோன்னு (கடைசி மூணும் பொம்மை செஞ்ச கம்பெனிங்க, பின்னாடி சொல்றேன்) ஒவ்வொண்ணா போட்டுத் தேடுங்க, ஏன்னா கேட்லாக் எழுதுனவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேர்ல பதிஞ்சிருப்பாங்க. எந்த வீடுன்னு அந்த பக்கத்துலயே போட்டிருக்கும். ஆனா கேட்லாக்ல இருக்குங்கறதால அன்னிக்கு வெளிய வச்சிருப்பாங்கன்னு அர்த்தம் இல்ல, ஸ்டோர் ரூம்ல பேப்பர் சுத்தி பெட்டிக்குள்ள இருக்கலாம், அதனால கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு மெயில் தட்டிடறது நல்லது. நாலு வரி மரியாதையா எழுதினா பதில் போடுவாங்க, எனக்கு இது வரைக்கும் பதில் வராம இருந்ததில்ல.

வீட்டுக்குள்ள போனதும் நேரா மேல போங்க. நர்சரி எங்கன்னு கேளுங்க. (நர்சரின்னா செடி விக்கிற எடம்னு நெனச்சு எங்க அம்மா ஒரு தடவ தோட்டத்துப் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. இங்க நர்சரின்னா புள்ளைங்கள ஆயா வச்சு வளர்த்த ரூம், அத ஒட்டியே ஸ்கூல்ரூம் இருக்கும்.) இந்த ரூமெல்லாம் மேல் மாடில, கிட்டத்தட்ட பரண் மாதிரி எடத்துல இருக்கும், புள்ளைங்க சத்தம் கீழ கேக்கக் கூடாதுல்ல. மேல் மாடிய மத்த ரூமுக்கு முன்னாடியே சாத்திடற வீடுங்க உண்டு, சில எடத்துல ஒரு நேரத்துக்கு இத்தன பேருதான்னு கணக்கு வச்சு விடுவாங்க. கீழ இருக்கற ஓவியம் எங்கயும் ஓடிடாது, கடைசியா பாத்துக்கலாம்.

ரூமுக்குள்ள போனா குனிஞ்சு பாருங்க. கிண்டலுக்குச் சொல்லல. வெளிச்சம் ரொம்ப கம்மியா வச்சிருப்பாங்க, துணியும் பெயின்ட்டும் வெளுத்துடக் கூடாதுன்னு ஜன்னல் திரைய பாதி எறக்கி விட்டிருப்பாங்க, அந்த இருட்டுல நம்ம கண்ணு நேரா பெரிய சாமான் மேல தான் போகும், ஆடற மரக்குதிரை, பொம்மை வீடு, அப்படி. சிப்பாய் அஞ்சு செ.மீ. உயரந்தான். ஜன்னல் ஓரத் திண்டு, ஷெல்ஃபோட கீழ்த் தட்டு, பொம்மைக் கோட்டைக்குள்ள, திறந்து வச்ச அட்டைப் பெட்டிக்குள்ள, இங்கல்லாம் தான் நிக்கும். புள்ளைங்க கண்ணு மட்டத்துல தேடுங்க, இல்லன்னா கூட வந்த புள்ளைய விட்டுத் தேடச் சொல்லுங்க, அதுங்க நம்மள விட சீக்கிரம் கண்டுபிடிச்சுடும்.

ரூம்ல நிக்கற வாலன்டியர் கிட்ட கட்டாயம் பேசுங்க. அவங்கள்ல நெறைய பேரு ரிட்டயர் ஆனவங்க, கேக்க ஆள் இல்லாம தான் நிக்கறாங்க. "இது எந்த கம்பெனி"ன்னு கேட்டா தெரியலன்னு சொல்லிடுவாங்க, அதுக்குப் பதிலா "இத யாரு வச்சு வெளையாடுனது"ன்னு கேளுங்க, வீட்டுக் கதையே கொட்டும். பல ரூம்ல ஒரு ஃபைல் வச்சிருப்பாங்க, அந்த ரூம்ல இருக்கற சாமான் விவரமெல்லாம் போட்டு. கேட்டாத்தான் எடுத்துக் குடுப்பாங்க. பேக்க முதுகுல மாட்டாம முன்னாடி மாட்டுங்க, திரும்பும்போது எதையாவது தட்டி விட்டா மானமே போயிடும். ஃபோட்டோ ஃப்ளாஷ் இல்லாம எடுக்கலாம், கண்ணாடி மேல ஃபோன ஒட்டி வச்சு எடுத்தா பளபளப்பு வராது, ஆனா ஒட்டலாமான்னு கேட்டுட்டு ஒட்டுங்க. கயித்துக்கு மேல கைய நீட்டாதீங்க. ஒரு எடத்துல நான் நீட்டி அலாரம் அடிச்சு, ரூமே திரும்பிப் பாத்துச்சு, என் பொண்ணு என்ன தெரியாத மாதிரி அடுத்த ரூமுக்குப் போயிட்டா.

சரி, பாத்தாச்சு, தொட முடியாது. கண்ணால மட்டும் இது என்னன்னு எப்படி கண்டுபிடிக்கறது? பக்கவாட்டுல நின்னு பாக்கணும், இது தான் முதல் பாடம். முன்னாடிலேர்ந்து நல்லா ஆள் மாதிரி தெரிஞ்சு, பக்கத்துலேர்ந்து பாத்தா வெறும் தகடு மாதிரி காணாமப் போச்சுன்னா அது ஜெர்மன் தட்டை பொம்மை. நூரம்பெர்க் ஊரு இதுக்குப் பேர் போனது, 18-ம் நூற்றாண்டுல ஹில்பெர்ட்னு ஒருத்தர் வெள்ளீயத்துல செஞ்சாரு, அப்புறம் 1839-ல ஹைன்ரிக்சன் கம்பெனி வந்துச்சு, அவங்க வச்ச 30 மி.மீ. உயரம் தான் பின்னாடி எல்லாருக்கும் அளவாச்சு. ஸ்லேட் கல்லுல உருவத்த செதுக்கி அச்சு பண்ணுவாங்க, ரெண்டு கல்ல சேத்து வச்சு நடுவுல ஊத்தறது. விக்கறது எடை போட்டு, நம்ம ஊர்ல கடலை விக்கற மாதிரி, மெல்லிசு மரச் சீவல்ல செஞ்ச டப்பால போட்டுக் குடுப்பாங்க. அந்த டப்பா பக்கத்துல கெடந்தா அதையும் கவனிங்க.

பக்கத்துலேர்ந்து பாத்தாலும் முழு ஆளா, கனமா, குதிரை மேல ஒருத்தன் சாஞ்சு ஒருத்தன் படுத்து ஒருத்தன் சமைச்சுன்னு விதவிதமா இருந்தா அது டிரெஸ்டனோட ஹெய்டெயா இருக்க வாய்ப்பு அதிகம், கெட்டி ஈயம், அளவும் ஒரே மாதிரி இருக்காது. அந்த ஃபேக்டரி 1945 பிப்ரவரி குண்டு வீச்சுல போயிடுச்சு. பாரிஸ் மினியோவும் கெட்டி வார்ப்பு தான், நெப்போலியன் படைன்னா பெரும்பாலும் அங்கேர்ந்து வந்ததா இருக்கும், பெயின்ட் வேல நகைக்கடை வேல மாதிரி இருக்கும்.

இங்கிலீஷ் வீட்ல அதிகமா கண்ணுல படறது பிரிட்டன்ஸ் தான், அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன். லண்டன்ல வில்லியம் பிரிட்டன்னு ஒருத்தரோட பொம்மை செய்யற குடும்பம், 1893-ல அந்த வீட்டுப் பையன் உள்ள கூடா வார்க்கற முறைய கண்டுபிடிச்சாரு. உருக்கின நெய்ய ஜில்லுன்னு இருக்கற கிண்ணத்துல ஊத்தி உடனே கவுத்துப் பாருங்க, ஓரத்துல ஒரு படலம் ஒட்டி நிக்கும், நடுவுல இருந்தது வெளிய வந்துடும். அதே தான். ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த கலவைய அச்சுல ஊத்தி, ஓரம் கட்டினதும் மிச்சத்த வெளிய ஊத்திடறது. ஈயம் கம்மி, எடை கம்மி, வில கம்மி. ஜெர்மன்காரன் கையில இருந்த இங்கிலீஷ் சந்தை இப்படித்தான் கை மாறுச்சு. முதல் செட்டு லைஃப் கார்ட்ஸ்ங்கற அரச காவல் குதிரைப்படை. ஆரம்பத்துல கடைக்காரங்க வாங்கவே யோசிச்சாங்களாம், லண்டன் ஹோல்பர்ன்ல இருந்த கேமேஜஸ் கடை தான் துணிஞ்சு எடுத்து அடுக்குச்சு.

உயரம் 54 மி.மீ., அந்தக் காலத்து பெரிய கேஜ் (தண்டவாள அகலம்) பொம்மை ரயிலுக்குப் பக்கத்துல நிறுத்தினா பொருந்தற அளவு. தலைல தொப்பி உச்சில குட்டி ஓட்டை தெரியுதான்னு பாருங்க, மிச்ச ஈயம் வெளிய போன வழி அது. துப்பாக்கி புடிச்ச கை தனியா செஞ்சு மாட்டினதா, தோள்ல ஒரு கோடு தெரியுதா, அப்ப கை ஆடும். எந்தக் காலம்னு பாக்க ரெண்டு விஷயம் போதும். மீசை இருந்தா பெரும்பாலும் ரெண்டாம் உலகப்போருக்கு முந்தினது, பின்னாடி வந்த சிப்பாய்ங்கள்ல பெரும்பாலும் மழுமழுன்னு ஷேவ் பண்ணி விட்டுட்டாங்க. ஆரம்ப காலத்து காலாட்படைக்கு நிக்கற தட்டு முட்டை வடிவத்துல இருக்கும், அப்புறம் சதுரமா மாறிடுச்சு. அடிப்பக்கம் தேதி போட்ட காகித லேபிளோ பொறிச்ச எழுத்தோ இருக்கும், மத்தவங்க காப்பி அடிச்சதால வச்சது. அந்தத் தேதிய பாத்து "ஆஹா 1901-ல செஞ்சது"ன்னு குதிக்காதீங்க, அது டிசைன பதிஞ்ச தேதி, அதே அச்சுல அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஊத்திட்டே இருந்தாங்க. 1966-ல ஈயத்துல செய்யறத நிறுத்தி பிளாஸ்டிக்குக்குப் போயிட்டாங்க.

மரத்தூளும் பசையும் கலந்து கம்பி மேல அப்பி செஞ்சதும் உண்டு, எலாஸ்டோலின், லினியோல்னு ஜெர்மன் கம்பெனிங்க. வெடிப்பு விட்டு உள்ள கம்பி துருப்பிடிச்சுத் தெரிஞ்சா அதான்.

எந்த வீட்டுக்குப் போகலாம்னு கேப்பீங்க. டெர்பிஷைர்ல காக் அபே, போர்டுல எல் எழுத்து இருக்கும், சொல்றப்ப வராது. ஹார்ப்பர் க்ரூன்னு ஒரு குடும்பம், எதையும் தூக்கிப் போட மாட்டாங்க, யாரையும் உள்ள விடவும் மாட்டாங்க. 1924-ல செத்துப்போன சர் வான்சி, அறை அறையா பறவைய பஞ்சு அடைச்சு வச்சாரு, எஸ்டேட்டுக்குள்ள மோட்டார் காரே வரக்கூடாதுன்னுட்டாரு. கரண்ட் வந்ததே 1962-ல. 1981-ல வீட்டுக்காரர் செத்ததும் வாரிசு வரி கட்ட முடியாம, கடைசில 1985-ல நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்துச்சு. திறந்து பாத்தா, 18-ம் நூற்றாண்டு சீனப் பட்டுல செஞ்ச கட்டில் திரை, பெட்டிலேர்ந்து பிரிக்காமலே இருந்துச்சு, அதனால நிறம் நேத்து நெஞ்ச மாதிரி. கிழிசலையும் உரிஞ்ச பெயின்ட்டையும் அப்படியே விட்டு வச்சிருக்காங்க. பொம்மை சிப்பாய் தேடறவங்களுக்கு இந்த மாதிரி சேத்து வைக்கற குடும்பத்து வீடு தான் வேணும், அழகா ரெனவேட் பண்ண வீட்ல ஒண்ணும் கெடைக்காது. க்ளாஸ்டர்ஷைர்ல ஸ்னோஸ்ஹில் மேனர் இன்னொண்ணு. சார்லஸ் பேஜட் வேட்னு ஒருத்தர் 1919-ல வாங்கி, சுமார் 22,000 சாமான் சேத்து, வீடு முழுக்க அடுக்கிட்டு, தான் மட்டும் முற்றத்துல இருந்த சின்ன வீட்ல படுத்துக்கிட்டாரு. பொம்மைங்களுக்குன்னு மேல ஒரு ரூம், அதுக்கு ஏழாம் சொர்க்கம்னு பேரு வச்சிருக்காரு. சாமுராய் கவச ரூம்ல என் பொண்டாட்டி பயந்து வெளிய வந்துட்டா, அது வேற கதை.

இவ்ளோ சிப்பாய் ஏன் இந்த வீடுங்கள்ல? பெரிய பையனுக்கு நிலம், அடுத்தவனுக்கு ராணுவம், இது தான் அந்தக் குடும்பங்கள்ல வழக்கம். 1871 வரைக்கும் ராணுவத்துல ஆபீசர் பதவிய காசு குடுத்தே வாங்கலாம். வின்ஸ்டன் சர்ச்சில் சின்ன வயசுல கிட்டத்தட்ட 1,500 சிப்பாய் வச்சிருந்தாரு, எல்லாம் ஒரே அளவு, எல்லாம் பிரிட்டிஷ், தம்பிக்கு எதிரிப்படை, அதுக்கு பீரங்கி கெடையாதுன்னு ரூல். அப்பா வந்து ரூம பாத்துட்டு ராணுவத்துக்குப் போறியான்னு கேட்டாரு, பையன் தலையாட்டிட்டான். இந்த வெளையாட்ட வெறும் வெளையாட்டுன்னு எனக்கு நெனைக்கத் தோணல.

பழைய சாமான காரோட டிக்கில வச்சு விக்கற ஞாயித்துக்கிழமை சந்தைலயோ ஆன்டிக் கடைலயோ நீங்களே ஒண்ணு வாங்கறதா இருந்தா சில விஷயம் மறக்காதீங்க. பெட்டியோட இருந்தா வில பல மடங்கு, சிவப்பு அட்டைப் பெட்டி, மேல லேபிள், உள்ள அட்டைல நூலால கட்டி வச்சிருந்தா இன்னும் நல்லது, அந்த நூல அவுக்காதீங்க. காலாட்படைன்னா பெரும்பாலும் எட்டு, குதிரைப்படைன்னா அஞ்சு, எண்ணிப் பாருங்க. புதுசா பெயின்ட் அடிச்சத கண்டுபிடிக்க ஒரு யூவி டார்ச் போதும், புதுப் பெயின்ட் பல சமயம் பளிச்சுன்னு வேற நிறத்துல தெரியும். நான் இது தெரியாம 40 பவுண்டு குடுத்து எட்டு ஹைலாண்டர் (ஸ்காட்லாந்து சிப்பாய்) வாங்கிட்டு வந்தேன், வீட்ல வந்து பாத்தா எட்டுல ஆறு பேரு போன மாசம் குளிச்சுட்டு வந்த மாதிரி மின்னுறாங்க. வித்தவர் ரொம்ப நல்ல மனுஷன் மாதிரி பேசுனாரு. போகட்டும்.

வச்சுக்கறது தான் பெரிய விஷயம். கொலு பொம்மைய பழைய வேட்டில சுத்தி மரப்பெட்டில வைக்கற நெனப்புல ஓக் மர டிராயர்ல போட்டு மூடிடாதீங்க. ஓக் மரத்துலேர்ந்து அசிட்டிக் அமில ஆவி கசிஞ்சுட்டே இருக்கும், ஈயத்த அது அரிக்கும், மேல வெள்ளையா பொடி பூக்கும், கொஞ்ச வருஷத்துல ஆளே உதிர்ந்துடுவான். அந்தப் பொடி விஷம், ஊதாதீங்க, துடைக்காதீங்க, தனியா எடுத்து வச்சிட்டு பழைய சாமான பாதுகாக்கற நிபுணர், கன்சர்வேட்டர்னு சொல்லுவாங்க, யாரையாவது கேளுங்க. அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர், காத்தாடற இடம், ஈரம் இல்லாம, அவ்ளோ தான். தொட்டா கை கழுவிட்டுத்தான் சோத்துல கை வைக்கணும், சின்னக் குழந்தைங்க கையில குடுக்கவே கூடாது, அதுங்க நேரா வாயில தான் வைக்கும். உடைஞ்சத பெவிகால் போட்டு ஒட்டறேன், மங்கினத பெயின்ட் அடிக்கறேன்னு கெளம்பிடாதீங்க, அடிச்ச நிமிஷமே மதிப்பு போச்சு.

நான் இவ்ளோ நேரம் சொல்லாம வச்சிருந்தது ஒண்ணு இருக்கு. பிரிட்டன்ஸ் போட்ட செட்டுகள்ல முதல் உலகப்போருக்கு முன்னாடியே இந்தியப் படைங்க வந்தாச்சு, பெங்கால், பம்பாய், அப்புறம் மெட்ராஸ். 67-ம் நம்பர் செட்டு ஃபர்ஸ்ட் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. தலப்பா, சிவப்பு கோட்டு, கறுத்த முகம். அச்ச மாத்தாம பெயின்ட்ட மாத்தி பல படை ஆக்கறது அவங்க வழக்கம், அதனால கோட்டோட காலர் நிறத்தையும் பெட்டி லேபிளையும் வச்சுத்தான் எந்த ஊர் படைன்னு சொல்ல முடியும். நம்ம சிப்பாய்ங்கற வார்த்தையும் இவங்க சீபாய்ங்கறதும் ஒரே பாரசீக வேர் தான், ரெண்டு பக்கமும் போயி மறுபடி ஒரு கண்ணாடி அலமாரிக்குள்ள சந்திச்சுக்கிச்சு.

முதல் நாள் அந்த மரப்படி ஏறிப் போன வீட்ல, பேரு வேண்டாம், இன்னும் குடும்பம் குடியிருக்கற வீடு, அந்த அலமாரில கடைசி வரிசைல மூணு பேரு இருந்தாங்க. எட்டுல மூணு தான் மிச்சம். லேபிள்ல மெட்ராஸ்னு இருந்தத பொண்ணு தான் முதல்ல படிச்சா. "அப்பா, நம்ம ஊர் ஆளுங்க"ன்னா. நான் வாலன்டியர் அம்மா கிட்ட சொன்னேன், எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல இப்படித்தான் இருந்திருப்பாங்கன்னு, அவங்களும் குனிஞ்சு பாத்தாங்க, இவ்ளோ வருஷமா நின்னும் இந்த லேபிள நான் படிச்சதே இல்லன்னாங்க. அதுல நடு ஆளோட தலை லேசா சாஞ்சிருந்துச்சு. கழுத்துல முடி அளவு இடைவெளி, அதுக்குள்ள ஏதோ மரம் மாதிரி. இந்தக் கூடு பொம்மைங்களுக்கு தல உடைஞ்சா அந்தக் காலத்துப் புள்ளைங்க ஒரு தீக்குச்சிய பாதியா ஒடிச்சு கழுத்துல சொருகி தலைய மேல குத்தி வச்சுடுவாங்க, மறுநாள் திரும்ப சண்டைக்கு ரெடி. மத்த ரெண்டு பேருக்கும் கீறல் கூட இல்ல, இவன் தான் ஒவ்வொரு சண்டைலயும் முதல்ல நின்னிருக்கணும்.

போட்டோ எடுத்தேன், இருட்டுல சரியா வரல. நீங்க போனா கழுத்த பாருங்க, அடித்தட்ட விட கழுத்து தான் அதிகம் பேசும்.